யாருடைய எண்ணெயில் பறப்பது?

பேத்துப்பாறையில் சென்ற வாரம் தோட்டக் கூலித் தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். "ராடார் கண்ணில் படாத யுத்த விமானம் நம் நாட்டிலேயே செய்யப் போகிறார்களாமே, அது எவ்வளவு தூரம் போகும்?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. உழைப்பாளி மக்கள் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி.

மலைப்பாதையில் பொதிகுதிரை ஓட்டுகிறவருக்கு இதன் கணக்குத் தெரியும். வழித்தீனிக்குக் கொள்ளு அதிகம் ஏற்றினால் சரக்கு குறையும்; சரக்கை ஏற்றினால் கொள்ளு குறையும். விமானத்துக்கும் அதே கணக்குத்தான். சாதாரணப் போர் விமானம் இறக்கைக்கடியில் எண்ணெய்த் தொட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு கூடுதல் தூரம் போகும். 'ஸ்டெல்த்' விமானத்துக்கு அந்த வழி எளிதல்ல. தொங்கும் தொட்டியில் ராடார் அலை பட்டுத் திரும்பி, விமானத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே எண்ணெயும் ஆயுதமும் வயிற்றுக்குள்ளேயே இருக்க வேண்டும். நமது 'ஆம்கா' விமானம் 25 டன் எடை; அதற்குள் 6.5 டன் எண்ணெய், 1.5 டன் ஆயுதம் என்பது திட்டம். இதை வடிவமைத்துச் சோதிக்க மட்டும் 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் சுமார் 15,000 கோடி ரூபாய்க்கு அனுமதி தந்தது. அத்தனையும் மக்கள் பணம்.

தூரத்தை நீட்ட வழிகள் உண்டு. ஒன்று, குறைந்த எண்ணெயில் அதிகம் ஓடும் எஞ்சின். அது யார் கையில்? 'ஆம்கா'வின் முதல் விமானங்களுக்கு அமெரிக்க எஞ்சின்தான். சூலூருக்கு 2018இல் வந்த தேஜஸ் விமானங்களைக் கோவை மில் தொழிலாளர்கள் அறிவார்கள். அதன் புதிய ரகத்துக்கு 2021இல் அமெரிக்கக் கம்பெனியிடம் 99 எஞ்சின்கள் கேட்டோம். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில்! எஞ்சினுக்காக விமானங்கள் காத்துக் கிடந்தன.

இன்னொன்று, வானத்திலேயே எண்ணெய் ஊற்றும் டாங்கர் விமானம். நம் விமானப் படையிடம் இருப்பவை ஆறே ஆறு, ரஷ்ய வகை. பற்றாத குறைக்கு 2025 நவம்பரில் அமெரிக்கத் தனியார் கம்பெனியின் டாங்கர் ஒன்று பயிற்சிக்காக வாடகைக்கு வந்தது. வாடகை மாட்டை நம்பி உழவுக்கு நாள் குறிக்க முடியுமா?

மற்றொரு வழியும் உண்டு: பிறர் மண்ணில் இறங்கி நிரப்பிக்கொள்வது. வல்லரசுகளுக்குப் பிடித்த வழி இது. 1991 ஜனவரியில் வளைகுடா யுத்தத்துக்குப் போன அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்களுக்கு, சந்திரசேகர் சர்க்கார் நம் மண்ணில் எண்ணெய் நிரப்ப அனுமதித்தது. சென்னையிலும் நிரப்பினார்கள். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. பிப்ரவரியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் 2016 ஆகஸ்டில் இருநாட்டுப் படைகளும் ஒருவருக்கொருவர் எண்ணெயும் உணவும் பழுதுபார்ப்பும் தர ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இது ராணுவத் தளம் அல்ல என்கிறது சர்க்கார். ஈராக் மக்கள் மீது குண்டு போடும் யுத்தத்துக்கு எண்ணெய் ஊற்றியபோதும் தளம் என்று யாரும் பெயர் வைக்கவில்லையே!

எல்லையைக் காக்கும் விமானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கட்டிய மாடு கயிறு எட்டும் மட்டுமே மேயும். முளை அந்நியன் கையிலிருந்தால் கயிறு நீண்டு என்ன பயன்? பிரெஞ்சுக் கம்பெனியோடு சேர்ந்து புது எஞ்சின் செய்யப் போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு மந்திரி அறிவித்தார். அதன் தொழில்நுட்பம் முழுவதும் நம்மிடம் வரவேண்டும். பொதுத்துறை ஆலைகளில், நம் தொழிலாளர் கையால் அது உருவாக வேண்டும். அந்நியரின் யுத்தத்துக்கு நம் மண்ணில் ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது.

பேத்துப்பாறைத் தோழருக்கு நமது பதில் இதுதான்: விமானம் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டது சரி. யார் சொல்லி, யாருக்காகப் போகும் என்றும் சேர்த்துக் கேளுங்கள்!