யன்னல் யாருக்கு?

2012ஆம் ஆண்டு சீனத் தயாரிப்பான நீலநிற ரயில்கள் மலையகப் பாதையில் ஓடத் தொடங்கியபோது, ரயில் ரசிகர்கள் இரு அணிகளாகப் பிரிந்தார்கள். குளிரூட்டிய முதல் வகுப்பு ஒரு சாராருக்குப் பிடித்திருந்தது. திறக்க முடியாத கண்ணாடிக்குள் அமர்ந்து தேயிலைச் சரிவுகளைப் பார்ப்பதும் ஒரு பயணமா என்று மறுசாரார் கேட்டார்கள். கடைசியில் அகன்ற பின்யன்னலுடன் வந்த பழைய காட்சிப் பெட்டியை இழந்த துக்கம் அவர்களுக்கு.

அத்துக்கம் எனக்கும் உண்டு. அக்காலத்தில் அட்டன் நிலையத்தில், கண்டி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு நின்ற தோட்டத்து மூதாட்டி ஒருவரிடம் புதிய ரயில் எப்படி என்று கேட்டேன். “யன்னல் எப்படி இருந்தா என்ன தம்பி, ஒக்கார எடம் கெடைச்சா போதும்” என்றார்.

எங்கள் விவாதத்தின் குறை அப்போதுதான் புரிந்தது. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டிய இப்பாதை காட்சி பார்ப்பதற்காகப் போடப்பட்டதன்று; தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே போடப்பட்டது. அவ்விளைச்சலுக்கு உழைத்தவர்களின் சந்ததியினர் மூன்றாம் வகுப்பில் நெரிசலில் நிற்க, நாம் யன்னலைப் பற்றிச் சண்டையிட்டோம்.

2025 நவம்பரில் டித்வா புயல் இப்பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. இனிமேல் இதற்கெனப் பெட்டிகளை வாங்குவோர் ரசிகர்களின் கருத்தையும் கேட்கட்டும். ஆனால், மூன்றாம் வகுப்பில் இடம் கூடுமா என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். யன்னல் திறக்குமா என்பது அதற்கு அடுத்ததுதான்.