இறால் தலைக்கும் விலை உண்டு!

அணில் வாலைக் காசு கொடுத்து வாங்குவார்களா? அமெரிக்காவில் வாங்குகிறார்கள்!

விஸ்கான்சின் மாநிலத்தில் அன்டிகோ என்ற ஊரில் ஒரு தூண்டில் கம்பெனி இருக்கிறது. தூண்டில் முள்ளில் அணில் வால் மயிரைக் கட்டுகிறார்கள். தண்ணீரில் அது உயிருள்ள இரை போல அசையும். மீன் ஏமாந்து கவ்வும்!

அங்கே இறைச்சிக்காக அணில் வேட்டையாடுகிறார்கள். மீதியாகும் வாலைக் கம்பெனி வாங்குகிறது. வாலுக்காக மட்டும் அணிலைக் கொல்லக் கூடாது என்றும் சொல்லி விடுகிறது.

அணில் வாலுக்கே ஆள் உண்டென்றால், நம் ஊர் இறால் தலைக்கு இல்லாமல் போகுமா?

பாதி எடை குப்பையில்

மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு ஏரி. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இங்கே மீனவர்கள் 'பாடு' என்று முறை வைத்து வலை விடுகிறார்கள். இருளர் பெண்கள் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள்.

இறாலின் எடையில் ஏறக்குறைய பாதி தலையும் ஓடும்தான். உரித்து எறிந்தால் சில மணி நேரத்தில் நாற்றம் எடுக்கும்.

ஆனால் அந்த ஓட்டில் 'கைட்டின்' என்ற பொருள் இருக்கிறது. ஓட்டிலுள்ள சுண்ணாம்பை அமிலத்தாலும், புரதத்தைக் காரத்தாலும் நீக்கினால் கைட்டின் மிஞ்சும். அதைக் காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் 'கைட்டோசான்'. காயத்தில் இரத்தத்தை நிறுத்தும் கட்டுத்துணிக்கும், அழுக்கு நீரைத் தெளிய வைக்கவும் அது உதவுகிறது. கொச்சி மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் இதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது.

இது வீட்டில் செய்யும் வேலை அல்ல, அமிலம் ஆபத்து!

தடை என்ன?

தொழிற்சாலைக்கு டன் கணக்கில், கெடாத ஓடு வேண்டும். கிராமத்தில் வீட்டுக்கு ஒரு கூடைதான் சேரும். பனிக்கட்டியும், சேர்க்கும் இடமும் இல்லாவிட்டால் அது குப்பைதான்.

சிறிய வழியும் உண்டு. மீன் கழிவிலிருந்து செடிக்கு உரமும், இறால் குட்டைக்கு ஊட்டமும் செய்யும் முறையைச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்திருக்கிறது. பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் இதைச் செய்யலாம். இறால் உரிக்கும் கைக்கே காசும் போய்ச் சேரும்.

ஓர் எச்சரிக்கை

கழிவுக்கு விலை வந்தால் ஆசையும் வரும். கடலில் விசைப்படகு வலையில் சிக்கும் மலிவான மீன், தீவனத் தூளாகிறது. அதோடு வளர வேண்டிய குஞ்சு மீன்களும் அழிகின்றன. அதனால்தான் கேரள அரசு 2015-இல், இந்த அளவுக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது என்று விதி கொண்டு வந்தது.

மீந்ததை விற்பது லாபம். விற்பதற்காகவே குஞ்சுகளை வாரினால், நாளைக்கு ஏரியில் இறாலும் இராது. இறால் தலையும் இராது!