ஒயின் பணக்காரன் சமாச்சாரம் என்று சொன்னது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. "வாத்தியாரே குடிக்கச் சொல்லிக் கொடுக்கிறாரா?" என்று கேட்க வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

இரண்டு மூன்று நாளாக எல்லா குரூப்பிலும் ஒரு வீடியோ சுற்றுகிறது. கோட்டுப் போட்ட ஒரு தம்பி கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, "மூவாயிரம் ரூபாய்க்குக் கீழே இருக்கிற ஒயினைத் தொடாதீங்க. ஒயின்னா பழசா இருக்கணும்" என்கிறார். கீழே நம் ஆட்கள், "அதெல்லாம் நமக்கு எட்டாதுப்பா, நமக்குக் குவார்ட்டர்தான்" என்று சிரித்து வைத்திருக்கிறார்கள். தம்பி சொன்னது தப்பு. நம் ஆட்கள் அதை ஒப்புக்கொண்டது அதைவிடப் பெரிய தப்பு.

வாங்கின அன்றைக்கே திறந்து, வீட்டில், இராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் குடிக்கிற விலை குறைந்த ஒயின்தான் ஒயினின் இயல்பான உருவம். மற்றதெல்லாம் ஜரிகை. ஜரிகையைக் காட்டித் துணியை மறைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வியாபாரி. இன்னொருவர் அரசாங்கம்.

முதலில் இந்த "பழசு" கதை. டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய உள்ள சில சிவப்பு ஒயின்கள் உண்டு. பிரான்ஸின் போர்தோ, இத்தாலியின் பரோலோ வகைகளில் நல்லவை பல வருஷம் கிடந்தால்தான் அந்தத் துவர்ப்பு அடங்கும். உண்மைதான். ஆனால் உலகத்தில் தயாராகிற ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு வருஷத்துக்குள் குடித்துத் தீர்ப்பதற்காகவே செய்யப்படுகிறது. மாவடு மாதக்கணக்கில் ஊறும். அதற்காக இட்லி மாவையும் மாதக்கணக்கில் வைத்திருப்பீர்களா?

பிரான்ஸில் போஜோலே நூவோ என்று ஒன்று உண்டு. செப்டம்பர் வாக்கில் பறித்த திராட்சை, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை ஒயினாகக் கடைக்கு வந்துவிடும். போர்ச்சுகலின் வின்யோ வெர்தே என்ற பெயருக்கே பச்சை ஒயின் என்றுதான் பொருள். இளசாக இருக்கும்போதே குடிப்பது என்ற அர்த்தத்தில் பச்சை. இதையெல்லாம் அங்கே கொத்தனாரும் குடிக்கிறார், கோட்டுப் போட்டவரும் குடிக்கிறார்.

அடுத்தது விலை. 2008இல் ராபின் கோல்ட்ஸ்டைனும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். லேபிளை மறைத்துச் சுவைக்கக் கொடுத்து, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பெண்களைத் திரட்டினார்கள். பயிற்சி இல்லாத சாதாரண ஆட்கள் விலை அதிகமான ஒயினுக்குக் கூடுதல் மதிப்பெண் போடவில்லை. சொல்லப்போனால் ஒரு மயிரிழை குறைவாகத்தான் போட்டார்கள். 2001இல் போர்தோவில் இன்னொரு சோதனை. வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் படிப்புப் படிக்கிற 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள். மூக்கு சொல்வதைக் கண் திருத்திவிடுகிறது.

இன்னும் வேண்டுமா? ரூடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழைய லேபிள் ஒட்டி, கோடீஸ்வரர்களுக்கு விற்றார். 2014இல் பத்து வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. அதுவரை எத்தனை மேதாவிகள் அதை மோந்து பார்த்து மெய்சிலிர்த்திருப்பார்கள், யோசியுங்கள்.

வியாபாரியை விடுங்கள், லாபம் அவர் தொழில். அரசாங்கத்துக்கு என்ன வந்தது?

நம் ஊரில் கடையின் பெயர் "ஒயின் ஷாப்". விற்பது பிராந்தி, ரம், விஸ்கி, பீர். உலகத்திலேயே ஒயின் ஷாப் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒயினை மூலையில் ஒதுக்கி வைப்பவர்கள் நாமாகத்தான் இருப்போம். நாலைந்து வகை பார்த்து வாங்க வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கடை. அந்தக் கடைக்கு டாஸ்மாக் வைத்திருக்கிற பெயர் என்ன தெரியுமா? "எலைட்". மேட்டுக்குடி! நான் வாதாட வந்த விஷயத்தை அவர்களே போர்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். 42.8 சதவீத பிராந்தி பாமரனுக்கு, 12.5 சதவீத ஒயின் மேட்டுக்குடிக்கு.

டெல்லியும் இதற்குச் சளைத்ததில்லை. இறக்குமதி ஒயினுக்கு 150 சதவீத வரி போட்டிருந்தார்கள். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் அமலுக்கு வந்து, வரி குறைந்தது. யாருக்கு? பாட்டில் இறக்குமதி விலை 5 டாலருக்கு மேல் இருந்தால் அப்போது 100 சதவீதம் ஆனது. 15 டாலருக்கு மேல் இருந்தால் 75 சதவீதம் ஆனது. 5 டாலருக்குக் கீழே உள்ள அன்றாட ஒயினுக்குச் சலுகை கிடையாது. உள்நாட்டுத் தயாரிப்பாளரைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். இருக்கட்டும். ஆனால் விலை ஏற ஏற வரி இறங்குகிற விசித்திரத்தை வேறு எந்தப் பண்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

உள்நாட்டுத் தயாரிப்பாளரைக் காப்பாற்றுவது என்றால் என்ன என்று மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். 2001லேயே திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்தார்கள். நாசிக் இன்று இந்திய ஒயினின் தலைநகரம். கர்நாடகம் 2007இல் தனி ஒயின் கொள்கை போட்டது. நம்மிடம் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. வருஷம் முழுக்கத் திராட்சை பறிக்கிற அபூர்வமான மண். அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஒயினுக்கும் ஏற்ற பழம். விலை சரிந்தால் அந்த விவசாயி பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கள்ளின் கதையும் இதேதான். மென்மையான கள்ளுக்கு 1987 முதல் தடை. காய்ச்சி வடித்த சரக்குக்கு அரசே கல்லா.

"ஒயின் தமிழ்ப் பண்பாடு இல்லை" என்று பின்னூட்டத்தில் எழுதத் துடிப்பவர்கள் புறநானூற்றின் 56ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் பருகி நீ மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அரிக்கமேட்டில் ஒயின் ஜாடிகளின் உடைந்த துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்தே கிடைத்தன. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: அதுவும் இறக்குமதி, அதுவும் ராஜாவுக்கு. அன்றைக்கே எலைட்!

இதில் ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். முப்பத்து நான்கு வருஷம் வேதியியல் நடத்தியவன் நான். என் வகுப்பில் உட்கார்ந்த பையன்கள் சிலரை, ஈரல் கெட்டு, நாற்பது வயதில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு கணக்குப் போடுகிறேன், கூடவே போடுங்கள். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம்: சுத்த ஆல்கஹால் 77 மில்லி. 150 மில்லி ஒயின், 12.5 சதவீதம்: சுமார் 19 மில்லி. ஒரு குவார்ட்டர் என்பது நாலு கிளாஸ் ஒயின். அதை நம் ஆள் எப்படிக் குடிக்கிறான்? வெறும் வயிற்றில், நின்றுகொண்டே, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, கால் மணி நேரத்தில். வீட்டுக்குத் தெரியாமல். சாப்பாட்டைத் தட்டில் போட்டு, மனைவி எதிரே உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஒரு மணி நேரத்தில் ஒரு கிளாஸ் முடிப்பதும் இதுவும் ஒன்றா? பொருள் ஒன்றுதான். பழக்கம் வேறு.

ஒயினில் ஈரல் கெடாது என்று சொல்கிறேன் என நினைக்காதீர்கள். ஒரு பாட்டிலை ஒரே ஆள் கவிழ்த்தால் அது ஒரு குவார்ட்டருக்கும் மேல். "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்று வருகிறவர்களையும் நான் சேர்த்துக்கொள்வதில்லை. எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஒன்றோடு நிறுத்தத் தெரியாதவர் பக்கத்திலேயே போக வேண்டாம். நான் பேசுவது எப்படியும் குடிக்கிறவர்களிடம்.

அவர்களுக்குச் சில உபயோகமான விஷயங்கள்.

கடையில் இருப்பதில் விலை குறைந்த மூன்றைப் பாருங்கள். லேபிளில் திராட்சை பறித்த வருஷம் இருக்கும். வெள்ளை ஒயின் என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் போனதை எடுக்காதீர்கள். நம் வெயிலில் ஏசி இல்லாத அலமாரியில் நின்ற பாட்டில் பழசாவதில்லை, வெந்துபோகிறது. கார்க்குக்குப் பதில் திருகு மூடி இருந்தால் மட்டம் என்று நினைக்காதீர்கள். உடனே குடிக்க வேண்டிய ஒயினுக்கு அதுதான் வசதி.

சிவப்பு ஒயினை "ரூம் டெம்பரேச்சரில்" குடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். அது ஐரோப்பாக்காரன் வீட்டு ரூம், 18 டிகிரி. மதுரை வீட்டு ரூம் அல்ல. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். வெள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரம்.

நம் காரத்துக்குத் துவர்ப்பான, கனமான சிவப்பு ஒயின் ஆகவே ஆகாது. மிளகாய் எரிச்சலை இரட்டிப்பாக்கிவிடும். அந்த மூவாயிரம் ரூபாய் பாட்டில் மீன் குழம்போடு சேர்ந்தால் காசும் போச்சு, குழம்பும் போச்சு. லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் வாங்குங்கள். நாசிக்கில் செய்கிற ஷெனின் பிளாங்க் மீன் குழம்புக்குப் பொருந்தும். பிரியாணிக்கு ரோஸே. சிவப்புதான் வேண்டுமென்றால் மிளகாய் குறைவான, மிளகு தூக்கலான மட்டன் வறுவலோடு, லேசான வகையாகப் பாருங்கள். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒரு பாட்டிலுக்கு ஐந்து கிளாஸ். விலையை ஐந்தால் வகுத்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் எட்டுமா எட்டாதா என்று.

அரசாங்கத்திடம் கேட்பது இதுதான். ஆல்கஹால் அளவைப் பார்த்து வரி போடுங்கள். கடுமையான சரக்குக்கு அதிகம், மென்மையானதற்குக் குறைவு. கம்பத்துப் பழத்துக்கு ஒரு கொள்கை கொண்டுவாருங்கள். எலைட் என்ற போர்டைக் கழற்றுங்கள். அதெல்லாம் முடியாது என்றால், குறைந்தபட்சம் ஒயின் ஷாப் என்று ஜனங்கள் வைத்த பெயருக்காவது மரியாதை கொடுத்து, எல்லாக் கடையிலும் முன்வரிசையில் நாலு பாட்டில் ஒயின் வையுங்கள்.