இக்கரையும் பச்சைதான்

‘இக்கரைக்கு அக்கரை பச்சை’ என்பது நம் பழமொழி. சென்ற கோடை விடுமுறையில் அந்த அக்கரைப் பச்சை ஒரு சிறு தகர டப்பாவில் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் பெரியம்மா மகள் கொண்டு வந்தது அது. திறந்து பார்த்தால் மருதாணி போல் பச்சைத் தூள்! “தலைக்குத் தேய்க்கவா?” என்று பாட்டி கேட்டார். “இல்லை பாட்டி, குடிக்க” என்றார் அக்கா. அதன் பெயர் மாட்சா. பாலும் பழமும் பனிக்கட்டியும் சேர்த்துக் குடிப்பதுதான் இப்போது நகரங்களில் நாகரிகமாம்.

மாட்சா என்பது வேறொன்றுமில்லை, ஜப்பானியத் தேயிலைத் தூள்தான். பறிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே தேயிலைச் செடிகளுக்குப் பந்தலிட்டு நிழல் தருகிறார்கள். வெயில் குறைந்த இலை கரும்பச்சையாகிறது. அதை ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் இயந்திரத்தில் மெதுவாக அரைக்கிறார்கள். ஒரு மணி நேரம் அரைத்தால் 30, 40 கிராம்தான் கிடைக்குமாம். விலை ஏன் அவ்வளவு என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. 1191ஆம் ஆண்டு சீனாவிலிருந்து தேயிலை விதைகளுடன் திரும்பிய எய்சாய் என்ற பௌத்தத் துறவியே தூள் தேநீர் அருந்தும் பழக்கத்தை ஜப்பானில் பரப்பினார் என்பது வரலாறு.

செய்முறையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு தேக்கரண்டித் தூளைச் சல்லடையில் சலித்து, கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரை ஊற்றிக் கட்டியில்லாமல் நுரைக்க அடிக்க வேண்டும். ஜப்பானில் இதற்கு மூங்கிலால் செய்த தூரிகை போன்ற கருவி உண்டு. எங்களிடம் இருந்தது மோர் கடையும் சிறு மத்து. அதுவே போதுமானதாயிற்று. உயரமான கண்ணாடித் தம்ளரின் அடியில் செந்தூரா மாம்பழக் கூழும் சர்க்கரையும், அதன்மேல் பனிக்கட்டி, பிறகு குளிர்ந்த பால், கடைசியில் பச்சைத் தேநீர். சர்க்கரை கலந்த கூழ் கனமானதால் அடியிலேயே தங்கும். மெதுவாக ஊற்றினால் மஞ்சள், வெள்ளை, பச்சை என்று மூன்று நிறமும் தனித்தனியே நிற்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை! உற்சாக மிகுதியில் அடுத்த தம்ளரில் மாம்பழத்துக்குப் பதில் எலுமிச்சைச் சாறு விட்டோம். பால் திரிந்து போயிற்று. புளிப்பும் பாலும் சேராது என்பதை அறிவியல் புத்தகத்தில் படித்தவர்கள்தாம் நாங்கள். ஆனால் சமையலறையில் படித்ததுதான் மனத்தில் நின்றது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கு வந்ததும் இதைப் பெருமையாகச் சொன்னோம். அறிவியல் பாடம் நடத்தும் சிஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எந்தத் தண்ணீரில் செய்தீர்கள்?” அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் புரியும். நம் நிலத்தடிப் பாறைகளிலிருந்து புளோரைடு என்னும் உப்பு கிணற்று நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நம் ஊர்கள் பலவற்றில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் இந்த அளவைத் தாண்டியது. குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது இந்த உப்பு அளவு மீறி உடலில் சேர்ந்தால் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் விழும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். புகைப்படம் எடுக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் தோழிகள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். பல் துலக்காத குறை என்று அவர்களைக் கேலி செய்தவர்களும் உண்டு. அது துலக்கினால் போகும் கறையன்று. அவர்கள் செய்த தவறும் அன்று.

நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். உறைய வைத்தாலும் போகாது. பானத்தில் மிதக்கும் பனிக்கட்டி எந்தத் தண்ணீர் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இன்னொரு செய்தியும் உண்டு. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை இழுத்துத் தன் இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. மாட்சாவுக்கு இளந்தளிரைப் பறிப்பதால் முற்றிய இலையைவிட அதில் குறைவுதான். ஆயினும் மற்றத் தேநீரில் இலையை வடிகட்டி எறிகிறோம், இதில் இலையையே விழுங்குகிறோம். நீரிலும் இந்த உப்பு, தூளிலும் இந்த உப்பு என்றால், வேறு ஊர்க்காரர்களைவிட நாம் ஒருமுறை கூடுதலாக யோசிக்க வேண்டாமா?

எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு, வீட்டில் சோற்றோடு தேநீர் குடித்தால் ஒரு கை கொடுப்பதை மறு கை பறித்துக்கொள்ளும்.

“அப்படியானால் தேநீரே குடிக்காத வீடு இருக்கிறதா? பச்சைத் தூளை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் அப்பாவும் அதையேதான் கேட்டார். எங்கள் பதில் இதுதான்: பெரியவர்கள் அளவோடு குடிப்பதை நாங்கள் தடுக்கவில்லை. விருந்தாளி வந்த நாளில் ஒரு தம்ளர் மாட்சா குடித்ததற்காக வருந்தவும் இல்லை. ஆனால் அந்தத் தம்ளரைப் பார்த்து எங்கள் நான்கு வயதுத் தங்கையும் கை நீட்டினாள். எங்கள் பற்கள் வளர்ந்துவிட்டன. அவளுடைய நிலைத்த பற்கள் ஈறுக்குள் இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சிறு கைக்குள் எதை வைக்கிறோம் என்பது மூத்தவர்களாகிய நம் பொறுப்பு. ஆகவே சிறு பிள்ளைகளுக்கு இந்தத் தூள் வேண்டாம். நாம் குடித்தாலும் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவோம். சமையலுக்கும் பனிக்கட்டிக்கும் ஒகேனக்கல் குடிநீரையே பயன்படுத்துவோம்.

ஒகேனக்கல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவிரி நீரைச் சுத்திகரித்துத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது நாங்கள் சிறு குழந்தைகள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பதும் ஒரு நோக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குக் கடனுதவி தந்த நாடு எது தெரியுமா? ஜப்பான்! மாட்சா பிறந்த அதே ஜப்பான். பெங்களூர்க் கடைகளில் ஜப்பானியத் தேநீருக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஜப்பான் துணையுடன் நம் தெருக்குழாய்க்கு வந்த பானம் அதைவிட மேலானது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, நாகரிகப் பெயரும் இல்லை. அது வெறும் தண்ணீர்! அதைத் திறந்துவிட்டு ஓடவிடுகிறோம். குழாயில் வராத நாளில் பழையபடி ஆழ்குழாய் நீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்கிறோம். இரண்டும் தவறு. வரும் நாளில் குடிப்பதற்கென்று தனிக் குடத்தில் மூடி வைத்துக்கொண்டால் இரண்டு நாளைச் சமாளிக்கலாம்.

சரி, வெயிலுக்கு என்னதான் குடிப்பது? எங்கள் வீட்டில் மத்து சும்மா இருக்கவில்லை. முளைகட்டிய கேழ்வரகு மாவில் இரண்டு கரண்டி எடுத்து நீரில் கரைத்துக் காய்ச்சி ஆற வைத்தோம். வெல்லப் பாகும் ஏலக்காயும் சேர்த்தோம். தம்ளர் அடியில் அதே மாம்பழக் கூழ், மேலே குளிர்ந்த பால், அதன்மேல் கேழ்வரகுக் கஞ்சி. பச்சைக்குப் பதில் மண்ணின் நிறம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடலைத்தான் புளோரைடு அதிகம் வாட்டும் என்பதால், நம் மாவட்டத்துக்கு இது பொருத்தமான பானம். பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் மாந்தோப்பு இருக்கிறது. கேழ்வரகு நம் வயலில் விளைகிறது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பெங்களூர் அக்காவே இரண்டாவது தம்ளர் கேட்டார் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

வெளிநாட்டுப் பொருள் என்பதற்காக எதையும் வெறுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்தன்று. ஒரு தேயிலையை நிழலில் வளர்த்துப் பொறுமையாக அரைக்கும் மக்களிடம் கற்க நிறைய இருக்கிறது. அவர்கள் தங்கள் மண்ணில் விளைந்ததைக் கூசாமல் கொண்டாடினார்கள். அதனால்தான் உலகம் அதைத் தேடி வருகிறது. நாமோ களியும் கூழும் குடித்ததைத் தோழிகளிடம் சொல்லக்கூட வெட்கப்படுகிறோம். கற்க வேண்டியது அந்தப் பச்சைத் தூளையன்று, அந்தத் துணிவை.

இப்போது பாட்டியிடம் யாராவது மாட்சா என்றால் என்ன என்று கேட்டால், “அது ஒரு மருதாணி” என்று சொல்லிவிட்டு, “கேழ்வரகுக் கஞ்சி இருக்கிறது, குடிக்கிறாயா கண்ணு?” என்று கேட்கிறார். வேண்டாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவி