கட்டணம் இரட்டிப்பு, ஜெட் அட்டவணை எங்கே?

20 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக 2025 ஆகஸ்டில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் உயர்த்தியது. இந்த இதழ் எந்தப் பக்கம் என்று பட்டறைகளில் கேட்கிறார்கள். கட்டணத்தை நாம் எதிர்க்கவில்லை. புகை கக்கும் வண்டி தெருவில் ஓடக் கூடாது என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வயது வண்டி ஏறக்குறைய எல்லாமே கார்ப்பரேட்டர் வண்டி. அதில் மலையில் ஓடுவதும், மலையேறத் தயாராகி நம் பட்டறைக்கு வருவதும் உண்டு. அவற்றை எந்த ஜெட்டில் ஓட்டுவது என்பதை யாரும் சொல்வதில்லை.

கணக்கு தெரிந்ததுதான். காற்றின் அடர்த்தி ஊட்டியில் (2,240 மீட்டர்) கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 80 சதவீதம், லேயில் (3,500 மீட்டர்) 70, கர்துங் லாவில் (5,359 மீட்டர்) 58. மிக்ஸர் அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டி ரிச் ஆகும். ஆகவே பெட்ரோல் ஊட்டியில் 10, லேயில் 16, கர்துங் லாவில் 24 சதவீதம் குறைய வேண்டும். கெய்ஹின் மெயின் ஜெட்டின் எண் துளையின் விட்டம்; 110 போட்ட வண்டிக்கு லேயில் 100 அல்லது 102 போதும். மிக்குனி ஹெக்ஸ் ஜெட்டின் எண் பாயும் அளவு. அதே 110-க்கு அங்கே 92.5 வேண்டும். சி.வி. கார்ப்பரேட்டர் ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். இழந்த பவரை எந்த ஜெட்டும் திருப்பித் தராது.

புகைச் சோதனைக்கு மெயின் ஜெட் உதவாது. சோதிப்பது ஐடிலிங்கில். 2000-க்குப் பின் வந்த பழைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 சதவீதம். சமவெளியில் அதற்குச் சற்றுக் கீழே நின்ற வண்டி, எந்தப் பழுதும் இல்லாமலே மலையில் தாண்டிவிடும். பைலட் ஜெட்டையும் ஸ்க்ரூவையும் தொட்டே ஆக வேண்டும்: ஏர் ஸ்க்ரூவானால் வெளியே, இன்ஜின் பக்க ஸ்க்ரூவானால் உள்ளே. எத்தனை திருப்பு, எந்த ஜெட் எண் என்று கேட்டால் கம்பெனிக்காரர்களிடமிருந்து வரும் பதில், “அதைத் தொடாதீர்கள்.”

நாம் ஓயாமல் கேட்டுவருவது இந்த எண்களைத்தான். ராக்கி மலைகளில் ஓடும் ஹோண்டா கார்ப்பரேட்டர் ஏடிவியின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். 5,000 அடிக்கு மேல் போட வேண்டிய மெயின் ஜெட் எண் இருக்கிறது, ஸ்க்ரூ அளவு இருக்கிறது, கீழே இறங்கியும் பழைய ஜெட்டுக்கு மாறாவிட்டால் இன்ஜின் சூடேறும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. விளையாட்டு வண்டிக்கே அது உண்டு. பாலும் காய்கறியும் சுமந்து மலையேறும் நம் வண்டிக்கு ஏன் இல்லை? 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது: வெளிப் பட்டறைகளுக்கும் உதிரிபாகமும் தகவலும் கிடைக்கச் செய்யுங்கள் என்று. இருசக்கர வண்டிக்கு அப்படி ஓர் உத்தரவு போட யாருக்கும் தோன்றவில்லை. வரம்பு விதிப்பவர்களும் கட்டணம் வசூலிப்பவர்களும், அந்த வரம்புக்குள் வண்டியை நிறுத்தும் வழியை மட்டும் மெக்கானிக்கின் தலையில் கட்டுகிறார்கள்.

அதன் விளைவு நம் மேசையில் கிடக்கிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றி ஓட்டித் தூசி தின்ற பிஸ்டன். லேயில் லீன் செய்து, அப்படியே சமவெளி வெயிலில் இறக்கிச் சீஸ் ஆன இன்ஜின். திட்டு விழுவது மெக்கானிக்குக்கு.

புதுப்பிப்புக் கட்டணத்தை உயர்த்திய அமைச்சகம், ஒவ்வொரு மாடலுக்கும் உயரவாரியான ஜெட் அட்டவணையை வெளியிடவும், அந்த ஜெட்டுகளைக் கடைகளில் கிடைக்கச் செய்யவும் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை நாமே தொகுப்போம். மாடல், கார்ப்பரேட்டர், ஓட்டிய உயரம், மெயின், பைலட், நீடில் கிளிப், ஸ்க்ரூ திருப்பு, ப்ளக்கின் நிறம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். சரிபார்த்து வெளியிடுகிறோம். மலைக்கென ஜெட் மாற்றித் தரும் ஒவ்வொரு வண்டியோடும் பழைய ஜெட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, இறங்கியதும் மாற்றச் சொல்லி அனுப்புங்கள்.