"வயசாச்சு" என்று சொல்லி அரைப்பேர் போடாதே!



ஒருநாள் காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பாருங்கள். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, எந்தப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும் சரி. பேர் கூப்பிடும்போது வந்து நிற்பவர்களில் நாற்பதைத் தாண்டிய அக்காமாரும் அத்தைமாரும்தான் அதிகம் கண்ணில் படுவார்கள். இளம் பிள்ளைகள் கொழும்புக்கும் கார்மென்ட்டுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். இன்றைக்குத் தோட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக் கைகள்.

அந்த வயதில் அந்த உடம்புக்கு என்ன நடக்கிறது என்று துரை கேட்டதில்லை. கணக்கப்பிள்ளை கேட்டதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்முடைய சங்கமும் கேட்டதில்லை.

தூரம் நிற்கிற காலத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். "இதையெல்லாம் சங்கப் பத்திரிகையில் போடுவதா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். போடத்தான் வேண்டும். ஏனென்றால் இது சம்பளப் பிரச்சினை.

என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். அவருக்கு நாற்பத்தெட்டு வயதானபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். இரவில் எழுந்து இஸ்தோப்பில் போய் உட்காருவார். மார்கழிக் குளிரில் ரவிக்கை நனைந்திருக்கும். சின்ன விஷயத்துக்கும் கோபப்படுவார், பிறகு தனியாக அழுவார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று தம்பி சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மலையில் அவர் கொண்டுவந்த கொழுந்து குறைந்தது. கேட்ட கிலோவுக்கு இரண்டு, மூன்று கிலோ குறையும். அரைப்பேர் விழும். ஒருநாள் உதிரப்போக்கு அதிகமாகி, மத்தியானத்தோடு லயத்துக்கு வந்துவிட்டார். அடுத்த நாள் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால், "ஏம்மா, முடியலன்னா பென்ஷன் எடுத்துக்கிட்டு வீட்டில இருக்க வேண்டியதுதானே, வயசாச்சுல்ல" என்று சொன்னார்கள். அம்மா ஐம்பது முடிந்ததும் அதைத்தான் செய்தார். அந்தச் சேமலாப நிதிக் காசில்தான் நான் கல்வியியற் கல்லூரிக்குப் போனேன்.

அம்மா வீட்டில் இருந்தாரா? இல்லை. சில மாதத்தில் அதே மலையில், அதே கூடையோடு, கைக்காசுக்குக் கொழுந்து பறித்தார். பேர் இல்லை, சேமலாப நிதி இல்லை, ஒன்றும் இல்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்தார்கள். பேருக்கு வயசான உடம்பு கைக்காசுக்கு மட்டும் எப்படி இளசானது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

இது நோய் அல்ல, தண்டனையும் அல்ல. நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் பெரும்பாலான பெண்களுக்கு வருவது. மாதவிடாய் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதற்கு முன்னால் சில வருஷங்கள் உடம்பு படாத பாடு படும். திடீரென்று நெஞ்சிலிருந்து தலைக்கு நெருப்பு ஏறியது போல் இருக்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் கெடும், படபடப்பு வரும். மூட்டு வலிக்கும். சிலருக்கு இரத்தப்போக்கு ஊற்றாக வரும். இரும்பும் இரத்தமும் ஏற்கனவே குறைந்த உடம்பில் அது இன்னும் சோர்வைக் கொண்டுவரும். சிறுநீரை அடக்க முடியாமல் போகும். பிறகு எலும்பு தேயும். வழுக்கும் மலையில் கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறிகிற வயது இது.

கந்தோரில் இருப்பவருக்கு இப்படி வந்தால் ஜன்னலைத் திறப்பார், மின்விசிறியைப் போடுவார், எழுந்து கழிப்பறைக்குப் போய் வருவார். மலையில்? தலையில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கு, மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் சீட். உள்ளே நெருப்பு எரியும்போது எதைக் கழற்றுவது? நிரையை விட்டு இறங்கினால் கொழுந்து குறையும். கழிப்பறைக்கு லயத்துக்குத்தான் ஓட வேண்டும், இல்லாவிட்டால் தேயிலைச் செடிக்குள் ஒதுங்க வேண்டும். அட்டை ஒரு பக்கம், ஆம்பிளைக் கங்காணி ஒரு பக்கம். அதனால் நம் அக்காமார் என்ன செய்கிறார்கள்? காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சலக்கடுப்பும் தலைச்சுற்றலும் அதனால் வேறு வருகிறது.

இனி, நமக்குச் சொல்லப்படும் பதில்களைப் பார்ப்போம்.

முதல் பதில்: "எல்லாப் பொம்பளைக்கும் வாறதுதானே." பிள்ளைப்பேறும் எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான். அதற்காக யாரும் பிரசவ லீவு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1939 ஆம் ஆண்டே இந்த நாட்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 2018 இல் எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் என்று அது திருத்தப்பட்டது. பெண்ணின் உடம்பு வேலைத்தளத்துக்குள் வரும்போது சட்டம் அதைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே புதிய கதை அல்ல. பிள்ளை பெறும் உடம்பைப் பார்த்த சட்டம், பிள்ளை பெற்று முடித்த உடம்பைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது பதில்: "முடியாவிட்டால் ஐம்பதில் நிற்கலாம்தானே." பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது உரிமை. உரிமையைக் காட்டி ஒருத்தியை வெளியே தள்ளுவது வேறு விஷயம். 2021 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. ஐம்பதில் போகிறவள் பத்து வருஷ வேலையை விட்டுவிட்டுப் போகிறாள். கணக்குப் போடுங்கள். 1983 இன் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருஷச் சேவைக்கு 14 நாள் சம்பளம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்ட 1,550 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால் வருஷத்துக்கு 21,700 ரூபா, பத்து வருஷத்துக்கு 2,17,000 ரூபா. இது பணிக்கொடை மட்டும். தோட்டம் கட்ட வேண்டிய 12 வீதச் சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கை நிதியும் தனி. "வயசாச்சு" என்ற ஒரு சொல்லால் கம்பனி மிச்சம் பிடிப்பது இவ்வளவு.

மூன்றாவது பதில் நம்முடைய ஆட்களே சொல்வது: "முதலில் சம்பளம், பிறகு இதெல்லாம்." தோழர்களே, இது சம்பளம்தான் என்று மறுபடியும் சொல்கிறேன். அதே வரவு செலவுத் திட்டத்தில் 200 ரூபா வரவுக் கொடுப்பனவும் சொல்லப்பட்டது. ஆக, ஒரு நாள் வராவிட்டால் 1,750 ரூபா போகிறது. உடம்பு முடியாமல் மாதத்தில் நான்கு நாள் படுத்தால் 7,000 ரூபா. அரைப்பேர் விழும் நாட்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். 1984 இல் போராடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வாங்கினோம். மேடையில் இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் ஒரே சம்பளம் என்பது முழுப்பேர் விழுந்தால்தான். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அரைப்பேர் விழுகிற மலையில் சமசம்பளம் எங்கே இருக்கிறது?

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. மகாராஷ்டிராவில் பீட் என்றொரு மாவட்டம். கரும்பு வெட்டப் போகும் ஏழைப் பெண்கள் அங்கே அதிகம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பான். வயலில் கழிப்பறை இல்லை. மாதவிடாய்த் தொல்லை, வெள்ளைப்படுதல் என்று வைத்தியரிடம் போனால், கர்ப்பப்பையையே எடுத்துவிடு என்றார்கள். 2019 இல் இது வெளியே வந்து, அரசு குழு அமைத்து 82 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை விசாரித்தது. அவர்களில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். இளம் வயதுப் பெண்களும் இருந்தார்கள். கர்ப்பப்பையோடு சூலகத்தையும் எடுத்தால் அன்றைக்கே தூரம் நின்று, ஐம்பதில் வரவேண்டிய எலும்புத் தேய்வு முன்கூட்டியே வந்துவிடும். வேலைக்கு ஏற்றபடி உடம்பை வெட்டினார்களே தவிர, உடம்புக்கு ஏற்றபடி வேலையை மாற்றவில்லை.

தொழிற்சங்கத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2015 செப்டெம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், அவர்களும் நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள், போனஸைக் குறைத்ததை எதிர்த்து வீதியில் உட்கார்ந்தார்கள். வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாளில் 20 வீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். பெண்பிள்ளை ஒருமை என்று தங்களுக்குப் பேர் வைத்தார்கள். பெண்களுடைய சந்தாவில் நடக்கும் சங்கம் பெண்களுடைய கஷ்டத்தைப் பேசாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

நம் தேயிலையைக் குடிக்கிற பிரித்தானியாவில், சமத்துவத்துக்கான ஆணைக்குழு 2024 இல் முதலாளிமாருக்கு வழிகாட்டல் கொடுத்தது. மாதவிடாய் நிற்கும் காலத் தொல்லை நீண்டகாலம் ஒரு பெண்ணை வெகுவாகப் பாதித்தால், அது சட்டப்படி இயலாமையாகக் கணிக்கப்படலாம், வேலையில் அதற்கேற்ற மாற்றம் செய்ய வேண்டிவரும் என்று அது சொல்கிறது. கோப்பையைப் பிடிக்கிற கைக்கு உள்ள நியாயம் கொழுந்தைப் பறிக்கிற கைக்கு இல்லையா?

ஆகவே நாம் கேட்பது இவை.

ஒன்று: ஒவ்வொரு மலைக்கும் நடக்கிற தூரத்தில் கழிப்பறையும் தண்ணீரும் ஒதுங்க ஒரு கொட்டகையும். இது தயவு அல்ல, வேலைத்தளத்தின் முதல் தேவை.

இரண்டு: நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண், வைத்தியரோ குடும்பநல மாதுவோ கொடுத்த துண்டைக் காட்டினால், கிலோவைச் சொல்லி அரைப்பேர் போடக்கூடாது. தவறணை, பிள்ளைக்காம்பரா, சரிவு குறைந்த மலை என்று வேலையை மாற்றிக்கொடுத்து முழுப்பேர் போட வேண்டும்.

மூன்று: அதே துண்டுக்கு மாதத்தில் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு. அந்த நாளில் வரவுக் கொடுப்பனவும் வெட்டப்படக் கூடாது.

நான்கு: சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகும் நாளுக்கு முழுப்பேர். 1996 இலிருந்து நாட்டில் இந்தக் கிளினிக் நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் எல்லாம் 35 வயதிலிருந்து இலவசமாகப் பார்க்கிறார்கள். இந்த வயதுத் தொல்லைகளையும் அங்கே கேட்கலாம். ஒருநாள் பேர் போய்விடும் என்ற பயத்தில் நம் ஆட்கள் போவதில்லை.

ஐந்து: பெண்கள் பறிக்கும் மலைக்குப் பெண் கங்காணி.

2021 இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. அதனால் இதையெல்லாம் எங்கே எழுதுவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மறுபடியும் பேச்சுவார்த்தை மேசை போடும் நாளில் எழுதுவோம். அதுவரை தோட்டம் தோட்டமாகத் துரையிடம் எழுத்தில் கொடுப்போம். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில் சங்கங்களுக்கும் இடம் இருக்கிறது. அங்கே இருக்கிற நம்முடைய பிரதிநிதிகள் இதைக் கேட்கட்டும்.

லயத்து ஆம்பிளைகளுக்கும் ஒரு வார்த்தை. மலையிலிருந்து வந்தவளிடம் தண்ணீர் தூக்கு, விறகு கொண்டுவா, சோறு ஆக்கு என்று சொல்லாதீர்கள். கோபப்படுகிறாள் என்று கை நீட்டாதீர்கள். ஒரு வாளி தண்ணீரை நீங்கள் தூக்கினால் உங்கள் ஆண்மை குறைந்துவிடாது.

அக்காமாரே, உங்களுக்கு ஒன்று. தூரம் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு சொட்டு இரத்தம் பட்டாலும் காத்திருக்காதீர்கள், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். "டீச்சர், இதை யாரிடம் சொல்வது?" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல, முப்பது வருஷம் உழைத்த உடம்புக்கு அரைப்பேர் போடுகிறவர்கள்தான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் முதல் விஷயமாக இந்த ஐந்து கோரிக்கையும் இருக்கட்டும். தலைவர்மார் மறந்தால், மாதர் தலைவிமார் எழுந்து நின்று வாசியுங்கள்.