பூட்டிய கதவும் நடக்கும் கால்களும்

விடியற்காலையிற் பிரட்டுக்கு நின்றுவிட்டுக் கூடையுடன் மலையேறும் பெண்ணுக்குத் தேகாப்பியாசத்தின் அருமையை எவரும் போதிக்க வேண்டியதில்லை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தேயிலைச் சரிவே அவளுக்குப் பயிற்சிக்கூடம். ஆயினும், அவளுக்கோ அவள் மகனுக்கோ சித்தம் கலங்கி, காவலுள்ள மனநோய் விடுதியிற் சேர்க்க நேர்ந்தால் நிலைமை யாது? மலையெல்லாம் ஏறி இறங்கிய கால்கள் கட்டிலுக்கும் வாங்குக்கும் இடைப்பட்ட சில அடிகளில் அடங்கிவிடுகின்றன.

நம் நாட்டின் பெரிய மனநோய் மருத்துவமனை 1926 ஆம் ஆண்டில் அங்கொடையில் அமைந்தது. 2008 முதல் அது தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்றுள்ளது. நீதிமன்றக் கட்டளையின்பேரில் அனுப்பப்படுவோரும் அங்கு பராமரிக்கப்படுகின்றனர். இத்தகையோருக்குக் கதவு பூட்டப்படுவது பாதுகாப்பின் பொருட்டு. ஆனால் கதவைப் பூட்டும்போது உடலையும் சேர்த்துப் பூட்டிவிடலாகாது.

கடுமையான மனநோயுடையோர் மற்றையோரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவற்றுட் பல மரணங்களுக்குக் காரணம் இருதய நோய் முதலான உடல் நோய்களே. சித்தத்தைத் தெளிவிக்கும் ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் பசியையும் உடற்பருமனையும் பெருக்குவதுண்டு, நீரிழிவும் தொடரக்கூடும். அதற்காக மருந்தை நிறுத்துதல் பேதைமை. மருந்துடன் நடையையும் சேர்த்தலே அறிவுடைமை.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனத்து மருத்துவர்கள் 2007 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சித்தச்சிதைவு நோயுடைய 61 பேரை இரு பிரிவாக்கி, மருந்தோடு ஒரு சாராருக்கு யோகாசனமும் மறுசாராருக்குத் தேகப்பயிற்சியும் நான்கு மாதம் அளித்தனர். இரு சாராரும் நலம் கண்டனர். யோகாசனம் பயின்றோர் ஒருபடி மேலாகவே தேறினர். உடம்பைப் பேணுதல் உயிரைப் பேணுதலே என்று கண்ட திருமூலரின் மரபில் வந்த நமக்கு இது வியப்பன்று.

எனினும், நோயாளி எழுந்து வர மறுக்கின்றாரே என்பர் சிலர். அது சோம்பலன்று. நோயே ஊக்கத்தை உறிஞ்சிவிடுகின்றது. மருந்தோ உறக்கத்தைத் தருகின்றது. ஆகவே பிரட்டுக் களத்தில் நிறுத்துவதுபோல் வரிசையில் நிறுத்திக் கட்டளையிடுதல் பயன் தராது. தலைமுறை தலைமுறையாகக் கட்டளைக்கு உழைத்த மக்களுக்குப் பயிற்சியும் மற்றொரு வேலையாகத் தோன்றலாகாது. முதல் நாள் முற்றத்திற் பத்து நிமிட நடை போதும். தாதியும் உடன் நடக்கட்டும். பந்தா, நடையா, தோட்டமா என்பதை நோயாளியே தெரிந்துகொள்ளட்டும். கதவின் திறப்பு வேறொருவர் கையில் இருக்கும்போது, இச்சிறு தெரிவும் அவருக்குப் பெரிய சுதந்திரமாகும்.

மொழியும் இங்கு ஒரு தடையே. சிங்களம் பேசும் விடுதியில் மலைநாட்டுத் தமிழர் ஊமைபோல் இருத்தல் கூடும். பந்தை எறிவதற்கும் பிடிப்பதற்கும் மொழி வேண்டா. அத்துடன், “வாங்க, நடப்போம்” என்று தம் மொழியில் ஒருவர் அழைப்பாராயின், அதுவே பாதி மருந்து.

இனி, வீட்டாராகிய நம் பங்குக்கு வருவோம். குணமாகித் திரும்பியவரை அயலார் பேச்சுக்கு அஞ்சி லயத்தின் இருண்ட மூலையில் உட்காரவைக்கின்றோம். அன்பினால் ஒரு வேலையும் சொல்வதில்லை; அச்சத்தினால் வெளியே விடுவதுமில்லை. பூட்டு இல்லாவிடினும் அதுவும் ஒரு சிறையே. மருத்துவரின் ஆலோசனை பெற்று, மாலையிற் கோயில்வரை அவருடன் நடந்து வருவோம். அவ்வழியில் எதிர்ப்படுவோர் நம்மைப் பார்ப்பர்; பார்க்கட்டும். நாம் தலைநிமிர்ந்து நடந்தால், நம்முடன் வருபவரும் தலைநிமிர்வார்.